நடந்து போனவர்களுக்கு மோர்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வசந்தத்தில், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், ஒரு நெடுந்தூர நடைபாதையை முழுவதுமாக நடந்து முடிக்கப்போவதாக வீட்டிலும் வேலையிடத்திலும் மூன்று வாட்ஸப் குழுக்களிலும் அறிவித்தேன். காலுக்குச் சப்பாத்து வாங்கினேன். ஊன்றுகோல்கள் வாங்கினேன். மழையில் நனையாத வரைபடமும், மலையில் தொலைந்துபோனால் ஊதுவதற்கு ஒரு விசிலும் வாங்கினேன். லண்டன் விளிம்பில் மலை எதுவும் கிடையாது என்று கடைக்காரன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் புறப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டாக்ஸியில் வீடு வந்து சேர்ந்தேன். ஊன்றுகோல்கள் இப்போது தோட்டத்தில் தக்காளிச் செடிகளைத் தாங்குகின்றன. வாட்ஸப் குழுக்களில் எங்கே நிற்கிறாய் என்று இன்னும் விசாரிக்கிறார்கள்.

டாக்ஸிக்காகக் காத்திருந்த சின்ன ஊரின் வாசலில் ஒரு பலகை இருந்தது. நடந்து வருகிறவர்களை இந்த ஊர் வரவேற்கிறது என்று எழுதி, பக்கத்தில் ஒரு சப்பாத்தின் படமும் வரைந்திருந்தார்கள். கஃபேயில் தண்ணீர் இலவசம், பிளாஸ்டர் இலவசம், நாய்க்குத் தனியாக ஒரு கிண்ணம். பரிமாறிய பெண் என் குதிகால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயிருந்து நடந்து வருகிறீர்கள் என்று மரியாதையோடு கேட்டாள். கிழக்கிலிருந்து என்றேன். பஸ் நிறுத்தம் கிழக்கில்தான் இருந்தது.

அந்தப் பலகையை யாரோ ஒரு குழு கூடிப் பேசி, தீர்மானம் போட்டு நட்டிருப்பார்கள். நடந்து போகிறவர்களை அந்தப் பக்கத்தில் முதன்முதலாக வரவேற்றவர் என் பெரியம்மா என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் வயதுக்காரர்களுக்கு, அதாவது பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்கு, அதிகம் விளக்க வேண்டாம். நாமெல்லாம் அப்போது பெரியவர்களின் வாய். டாக்டரிடம் அம்மாவின் வயிற்றுவலியையும், கவுன்சிலில் அப்பாவின் வாடகைக் கவலையையும் நாம்தான் எடுத்துச் சொன்னோம். நம் சொந்தக் கவலைகளைச் சொல்ல நமக்கு ஆள் இருக்கவில்லை, அது வேறு கதை.

அந்த வயதில் ஒரு கோடையில், கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையை விட்டு, லண்டனின் தெற்கு விளிம்பில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஒரு வரிசையின் கடைசி வீட்டுக்குக் குடிபோனோம். அப்பாவுக்கு அங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. சுவரை ஒட்டி, ஒடுங்கிய சந்து மாதிரி, ஒரு ஒழுங்கை போனது. அதன் வாயில் அம்புக்குறி போட்ட மரக்கம்பம். கடற்கரையில் தொடங்கி மேற்கே வெகுதூரம் போகிற நடைபாதை ஒன்று எங்கள் ஒழுங்கையையும் பயன்படுத்திக்கொண்டது. வீட்டுக்காரர் இதை எங்களிடம் சொல்லவில்லை. தண்ணீர்க்குழாய் ஒழுகுவதையும்தான் சொல்லவில்லை.

சமையல் செய்யும் குசினியின் யன்னல் ஒழுங்கையைப் பார்த்திருந்தது. யன்னலடியில் நாள் முழுக்கப் பெரியம்மா இருந்தார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. எங்களிடம் வந்து சில மாதங்கள்தான். அதற்கு முன் கொழும்பில் ஒரு லொட்ஜில், தன் ஒரே மகனோடு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்திருந்தவர். தாயின் பயணம் முதலில் சரிவந்தது. "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று மகன், எனக்கு அண்ணா, அவரை ஏற்றிவிட்டார். பெரியம்மா இங்கே வந்து குளிர்சட்டைக்குப் பொத்தான் பூட்டப் பழகுவதற்குள் அந்த லொட்ஜை ஆமிக்காரர் சுற்றிவளைத்து, இருந்த பொடியன்கள் எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் சேதி இல்லை. அப்பா ஃபோன் எடுக்கும்போதெல்லாம் லொட்ஜ் முதலாளி, "உங்கட பொடியன் இஞ்ச இல்லை" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அண்ணாவின் படம் ஒன்றே ஒன்று பெரியம்மாவிடம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த சின்னப் படம். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேர்ட், தண்ணீர் தடவி வாரிய தலை, சிரிக்காதே என்று சொல்லப்பட்டவுடன் சிரிப்பை விழுங்கிய வாய். மற்றப் படங்கள் எல்லாம் ஊரில் வீட்டோடு போயிருந்தன.

பெரியம்மா ஒழுங்கையைக் கவனிக்கத் தொடங்கிய நாட்களில் அது வீட்டில் ஒரு நிம்மதியாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனிதர்களைப் பார்க்கிறாரே என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

"எடி பிள்ளை, உவையள் எங்க போகினம்?" என்று என்னைக் கேட்டார் ஒரு நாள். வெளியே தாடிக்காரர் ஒருவர், தன் உயரத்துக்கு ஒரு பொதியைச் சுமந்துகொண்டு, நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"சும்மா நடக்கினம், பெரியம்மா."

"சும்மா நடக்கிறதெண்டால் வீட்டைச் சுத்தி நடக்கலாம்தானே. உந்தப் பொதியை ஏன் காவுறான்?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டோம். தெரியாது என்று ஒரு விஷயத்தைச் சொல்லி அப்பாவுக்குப் பழக்கம் கிடையாது. பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஏதும் பெரிய சேர்ச்சுக்குப் போகினமாக்கும்" என்றார்.

அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. கதிர்காம முருகனிடம் கால்நடையாகப் போகிறவர்களைப் பெரியம்மா பார்த்திருக்கிறார். வெயிலில் கறுத்த முகம், ஊன்றுகோல், பொதி, பேச்சில்லாத நடை, காலில் கட்டு. இவர்களுக்கும் அத்தனையும் இருந்தன. ஒருவர் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலோடு போனதைக் கண்டபோது பெரியம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. இவ்வளவு நேர்த்திக்காரர் வாசலால் போக, நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்திருக்கிறோமே என்று அம்மாவை ஏசினார்.

அடுத்த காலையில் தாகசாந்தி தொடங்கியது. தெரியாத இளசுகளுக்காக: நேர்த்திக்கு நடக்கிறவர்கள் போகும் வழியில் பந்தல் போட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துக் கொடுப்பது. ஆர், எவர் என்று கேட்கக் கூடாது. காசு வாங்கக் கூடாது. குடிக்காமல் ஒருவரையும் விடக் கூடாது. எங்களிடம் பந்தல் இல்லை, மேசையும் இல்லை. அம்மாவின் அயன் பண்ணும் பலகையைப் பின்வாசலில் விரித்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, நீல வாளியில் மோர் வைத்தார் பெரியம்மா. பச்சை மிளகாய், இஞ்சி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. தூரத்திலிருந்து பார்த்தால் வைத்தியசாலையில் ஏதோ சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் பண்ணுவது போலிருக்கும்.

முதலில் வந்தவர் ஒரு முழு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு நெடுநேரம் மரக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிளகாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எவ்வளவு என்று கேட்டதை நான் மொழிபெயர்த்தேன்.

"காசோ? பாவம், விரதக்காரன், தெரியாமல் கேக்கிறான். இன்னொண்டு குடு."

இரண்டாவதையும் அவர் குடித்தார். வெள்ளைக்காரர்களின் நாகரிகத்துக்கு எல்லை இல்லை என்று நான் உணர்ந்த நாள் அது.

சில கிழமைகளுக்குள் நடக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டார்கள். தயிர்க்கார அம்மா இங்கேதானா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒழுங்கையில் உட்கார்ந்து கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் போட்டார்கள், ஈரக் காலுறையை எங்கள் வேலியில் காயப்போட்டார்கள். பெரியம்மா ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டார். அதையும் நான்தான் சொல்ல வேண்டும். "போய்ச் சேருற இடத்தில என்ர பிள்ளைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லு."

போய்ச் சேருகிற இடம் எது என்று அவர்கள் விழித்தார்கள். பெரும்பாலானவர்கள், நிச்சயமாக என்று சொல்லிக் கையைக் குலுக்கினார்கள். அந்த இடத்தில் ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு சிப்ஸ் கடையும்தான் இருக்கிறது என்று சிரித்தபடி சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தனிக்கட்டை. நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாதவர். இது சும்மா பொழுதுபோக்கு, சனங்கள் லீவு எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று வேலிக்கு மேலால் அப்பாவுக்கு விளக்கினார்.

அன்று குசினிக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவும் அப்பாவும் கதைத்தது எனக்குக் கேட்டது.

"அக்காவுக்குச் சொல்லுங்கோ. நீங்கள்தானே சேர்ச் எண்டு துவக்கி வைச்சது."

"சொல்லி? சொன்னால் திருப்பியும் சுவரைப் பாத்துக்கொண்டிருப்பா. மோரிலை என்ன நட்டம்? விடு."

விட்டார்கள். என்னையும் வாயைத் திறக்காதே என்றார்கள். அப்போது அது பெரிய கருணை என்று நினைத்தேன்.

கோடை முடிகிற நேரம் நரைத்த பின்னலோடு ஒரு அம்மா வந்தார். தனியாக நடந்துகொண்டிருந்தார், வயது பெரியம்மாவின் வயதுதான் இருக்கும். மோரைக் குடித்து, கண் கலங்காமல், இன்னும் கொஞ்சம் கேட்டார். பெரியம்மாவின் வேண்டுகோளை நான் சொன்னதும் மற்றவர்களைப் போல உடனே தலையாட்டவில்லை. பொதியை இறக்கிவைத்துவிட்டு, மகனுக்கு என்ன ஆனது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அண்ணாவின் படம் இருந்தது. "இதை அந்த இடத்தில காலடியிலை வைக்கச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். நரைத்த பின்னல்காரி படத்தை வாங்கி, வரைபடம் வைத்திருந்த உறைக்குள் வைத்து, மேற்கே நடந்தார். அப்பா வேலையில், அம்மா கடையில். ஒழுங்கையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

இரண்டொரு நாளில் லூயிஷாம் கோயிலில் அப்பா தன் வழக்கைப் பார்க்கும் சொலிசிட்டரைச் சந்தித்துவிட்டு ஓடிவந்தார். சொலிசிட்டருக்குத் தெரிந்த பாதிரியார் ஒருவர் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறார். பிடித்துவைத்திருக்கும் பொடியன்களைப் பார்க்க அவரை முகாமுக்குள் விடுவார்களாம். படம் ஒன்று தந்தால் கையோடு கொண்டுபோய் முகம் பார்த்துத் தேடுவார். பெயரை வைத்துத் தேட முடியாது, அந்தப் பெயரில் அங்கே எத்தனையோ பேர்.

"மச்சாள், உங்கட பொடியன்ர படத்தை எடுங்கோ."

"குடுத்துவிட்டன்."

"ஆரிட்ட?"

"நடந்து போற அவவிட்ட."

அப்பா கதிரையில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு மெதுவாக உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வரைபடத்தை விரித்து, அந்த வயதில் ஒருவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நடப்பார் என்று விரலால் அளந்து, சனிக்கிழமை காலையில் தன் காரில் எங்களை ஏற்றினார். கழுத்தில் கமராவையும் மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் நல்ல பழைய சேர்ச்சுகள் உண்டு, போகிற போக்கில் எடுக்கலாம் என்றார். பெரியம்மா முன் சீற்றில். அப்பா பெட்ரோல் நிலையச் சட்டையோடு பின்னால், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில்.

காரில் போய் ஒரு நடைகாரரைப் பிடிப்பது இலேசு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாதை வயலுக்குள்ளால் போகும், ரோட்டு சுற்றிக்கொண்டு போகும். இரண்டும் சந்திப்பது சின்னச் சின்ன ஊர்களில்தான். முதல் ஊரில் மதுக்கடை வாசலில் சேற்றுச் சப்பாத்துக் கழற்றிவைக்க ஒரு தட்டு இருந்தது. கடைக்கார அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய் சூப் தந்தார். ஓம், நரைத்த பின்னல், நேற்றைக்கு முந்தின நாள் இங்கேதான் தங்கினார், அந்தப் பையனின் படத்தை எங்களுக்குக் காட்டினார், பாவம் என்றார். பெரியம்மாவின் செருப்பைப் பார்த்து, இதோடா இவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டு ஒரு சோடி காலுறையும் கொடுத்தார். நாங்கள் காரில் வந்ததைச் சொல்ல அப்பா என்னை விடவில்லை. சூப் அதற்குள் முடிந்திருந்தது.

அடுத்த ஊரின் தபால்கந்தோரில் நடப்பவர்களுக்கு வருகிற பொதிகளைப் பத்திரப்படுத்திக் கொடுத்தார்கள். வாசலில் தண்ணீர்க்குழாயும் சங்கிலி கட்டிய தகரக் குவளையும். அங்கேயும் படத்தைக் கண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஊர் மண்டபத்தில் தேத்தண்ணியும் கேக்கும் வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் முகம் ஊருக்கு ஊர் தெளிந்துகொண்டே வந்தது.

"பாத்தியே, இஞ்சையும் பந்தல் போட்டிருக்கினம். ஆரும் காசு வாங்கேல்லை." அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட ஆள் பொழுதுபோக்கு எண்டு சொன்னவராம். எனக்குக் காது கேக்கும், தம்பி."

அப்பா முன்னால் குனிந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார்.

மாலையில், ஒரு சேர்ச்சில், படம் கிடைத்தது. நரைத்த பின்னல்காரி கிடைக்கவில்லை. அவர் நேற்றே கடந்துவிட்டார். முன்னால், பூச்சாடிகளுக்கு நடுவில், ஒரு சின்னச் சிலுவைக்குக் கீழே அண்ணா நிமிர்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நேற்று ஏற்றியது அவ்வளவு நேரம் எரியாது. அந்த ஊர்க்காரர் யாரோ புதிதாக ஏற்றியிருக்கிறார்கள்.

பெரியம்மா சத்தமில்லாமல் அழுதார். கை கூப்பினார். அந்த வருடத்தில் அவரிடமிருந்து வெளிவந்த முதல் பெருமூச்சு அதுதான்.

அப்பா முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ."

"மச்சாள், திங்கட்கிழமை அவர் போறார்."

"வைச்சதை எடுக்கிறதே? காலடியிலை வைச்சாச்சு."

"படம் இருந்தாத்தானே ஆளைத் தேடலாம்."

"எடுத்தால் ஆள் வராது."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, ஒரு கிழமைக்கு. திருப்பிக் கொண்டுவந்து வைப்பம்."

"கடவுளிட்டைக் கைமாத்துக்குக் கேப்பியோ?"

பாதை கார் நிறுத்துமிடத்தில் முடிகிறது என்பதை அப்பா அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததையும் கண்டேன். ஆனால் எதை வைத்துச் சொல்வது? படம் சந்நிதியில் இருந்தது, மெழுகுதிரி எரிந்தது, வழியெல்லாம் பந்தல். வாயை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சண்டை எதுவும் விளங்காமல் தூண்களையும், கூரையையும், ஞானஸ்நானத் தொட்டியையும் கமராவில் எடுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி நடந்தார். இடையில் எங்களையும் ஒன்று எடுத்தார்.

அப்பா கடைசியாக ஒருமுறை கையை நீட்டினார். பெரியம்மா தடுக்கவில்லை.

"எடுங்கோ. எடுத்து அவன் வராட்டில், அது உங்கட தலையில."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அப்பா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், அது வேறு யாருடையதோ கை போல.

பாதிரியார் படமில்லாமல் போனார். பெயரைச் சொல்லிக் கேட்டாராம். அந்தப் பெயருக்குச் சிலர் எழுந்து நின்றார்களாம், ஒருவரும் எங்கள் ஊர் இல்லையாம். முன்னால் வராதவர்களில் அண்ணா இருந்தாரா, அங்கே இருக்கவே இல்லையா என்பதை முகம் தெரியாமல் அவர் எப்படிச் சொல்வார்? இலையுதிர் காலத்தில் அம்மா ஒருவருக்கும் சொல்லாமல், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு, ரெயினில் அந்த ஊருக்குப் போனார். சிலுவைக்குக் கீழே அறுவடைத் திருநாளுக்காகப் பூசணிக்காய்களும் பட்டாணி டின்களும் அடுக்கியிருந்தார்கள். படத்தைப் பற்றிக் கேட்டோம். துப்புரவு பண்ணியவர்கள் பார்த்திருக்கக்கூடும் என்றார்கள். மிகவும் வருந்தினார்கள். எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள்.

அண்ணா வரவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகும் பல கோடைகளுக்கு மோர் வைத்தார். நடந்து வருகிற பிள்ளை வழியில் எங்கோ சுணங்கித் தாமதிக்கிறான் என்பது போலத்தான் கடைசி வரை பேசினார். அவருக்கு எதிராக ஒரு சொல் சொல்ல எங்களில் எவராலும் முடிந்ததில்லை. சரியாக இருந்தது அவரா அப்பாவா என்று நான் இன்றைக்கும் தீர்க்கவில்லை. தீர்த்தும் என்ன?

பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, பிரான்ஸிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்கிற சித்தப்பா பெரியம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். நான் இதையெல்லாம் சொன்னேன், இங்கே எழுதியதைவிட நன்றாகவே சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா வடையை மென்று விழுங்கிவிட்டு, கசிகிற குழாய்க்கு முன்னால் நிற்பவர் போலக் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த வெள்ளைக்காரன்ர கழுத்திலை கமரா கிடந்ததெண்டு சொன்னனி. அப்ப, அந்தப் படத்தை வைச்ச இடத்திலயே வைச்சு ஒரு படம் எடுத்திருக்கலாமே?"